வருத்தம் பார்க்க வரப்போகும் எட்டுப் பிள்ளைகள்

அன்று பின்னேரம் எங்கள் விறாந்தையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், மகனே. சாய்மனைக் கதிரையில் உன் அப்பா. நீள வாங்கில், வீங்கிய காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தபடி, நீ அனுப்பிய இங்கிரிட். அவள் கதைப்பதைத் தமிழில் சொல்வதற்குப் பக்கத்தில் தேவதாஸ் மாஸ்டர். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பிக்கிறவர். நீ அவரை அறியமாட்டாய். எதிர்க் கதிரையில் விளையாட்டுக் கழகத் தலைவர் பரமலிங்கம் அண்ணை. தூணடியில் பாக்குவெட்டியோடு அடுத்த வீட்டுப் பாக்கியம் மாமி. படியில், ஒரு காலை மடக்கி மற்றக் காலை நீட்டிக்கொண்டு, உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நேசன். குசினி வாசலில் தேத்தண்ணீர்த் தட்டோடு நான். இத்தனை பேருக்கும் நடுவில்தான், உன் மாணவர்கள் ஆவணியில் இங்கே வரும்போது நீ அவர்களோடு வரப்போவதில்லை என்ற செய்தி எனக்குத் தெரியவந்தது. அதனால்தான் பெயர்களை எழுதினேன். நீ எழுதப்போகும் பதில் எனக்கு மட்டும் உரியது அல்ல என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோபத்தோடு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. இந்த மாதங்களில் கோபப்படுவதற்கு மனம் இடம் தருவதில்லை. சமாதானப் பேச்சுத் தொடங்கிய நாள் முதல் வானத்தில் இரைச்சல் இல்லை. கடையில் சவர்க்காரம் வந்திருக்கிறது, பற்றரி வந்திருக்கிறது. முற்றத்துப் பதுங்குகுழியின் மேல் உன் அப்பா பூசணிக்கொடியைப் படரவிட்டிருக்கிறார்; கிளறிப் போட்ட மண் என்பதாலோ என்னவோ காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. பிள்ளையார் கோயில் பூசை நேரத்துக்கு நடக்கிறது. சத்தம் கேட்டால் நிமிர்ந்து மேலே பார்க்கும் பழக்கம் போய், மணிச்சத்தம் மணிச்சத்தமாகவே காதில் விழுகிறது. இப்படி ஒரு காலத்தைத் தந்த பிள்ளையாருக்கு நான் ஒவ்வொரு விடியலிலும் நன்றி சொல்லிக்கொண்டுதான் அடுப்பை மூட்டுகிறேன். அந்த நிறைவோடுதான் இதையும் எழுதுகிறேன்.

நீ தை மாதத்தில் எழுதிய கடிதத்தை அப்பாவும் நானும் சேர்ந்து வாசித்தோம். நீ படிப்பிக்கும் நோர்வேப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மருத்துவம் படிக்கும் எட்டுப் பிள்ளைகளை மூன்று கிழமைக்கு இங்கே அனுப்பும் யோசனை இருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஐஸும் மின்சாரமும் இயந்திரங்களும் இல்லாத ஓர் ஊரில் கண்ணையும் கையையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழங்காலை எப்படி அறிவது என்று அவர்கள் பழகவேண்டும் என்றும், எரிபொருள் இல்லாமல் ஊர் முழுவதும் சைக்கிளில் மூட்டை ஏற்றி மிதிக்கும் யாழ்ப்பாணத்தைப் போல ஒரு விளையாட்டு வீரர் கூட்டம் வேறெங்கும் இல்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை வாசித்தபோது அப்பா தன் கெண்டைக்காலை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். உன்னோடு வேலை செய்யும் இங்கிரிட் முன்கூட்டியே வந்து பத்து நாள் தங்கிப் பார்ப்பாள், அவள் சரியென்று எழுதினால் பயணம் உறுதியாகும் என்பது கடைசி வரி. "அவர்களை அனுப்பும் யோசனை" என்று நீ எழுதியதை "கூட்டிக்கொண்டு வரும் யோசனை" என்றே நான் வாசித்திருக்கிறேன். இப்போது எடுத்துப் பார்க்கிறேன், அப்படி நீ எங்கும் எழுதவில்லை.

கடிதம் வந்த செய்தி பரவியதும் பரமலிங்கம் அண்ணை கழகத்தைக் கூட்டினார். மைதானத்துப் புல்லைச் செதுக்கினார்கள். கரப்பந்துக் கம்பங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரே நிறத்தில் சட்டை இல்லாத பொடியன்களுக்குப் பக்கத்து ஊர்க் கழகத்திடம் இரவல் வாங்கினார்கள். அதோடு நின்றிருந்தால் நல்லது. நொண்டுகிறவர்கள், தோளைத் தூக்க முடியாதவர்கள், கணுக்காலில் துணி சுற்றியிருப்பவர்கள் எல்லோரையும் அந்தப் பத்து நாளைக்குக் கண்ணில் படாமல் இருக்கும்படி சொல்லிவிட்டார்கள். காயங்களைப் பார்க்க வருகிற ஆளிடமிருந்து காயங்களை மறைப்பது என்ன புத்தி என்று நீ கேட்பாய். அன்று எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. விருந்தாளி வரும்போது வீட்டைக் கூட்டி, கிழிந்த பாயைச் சுருட்டி அறைக்குள் வைப்பதுபோலத்தான் செய்தோம். நேசனைப் போகச் சொன்னது நான்தான். அவன்தான் கரப்பந்துக் குழுவின் தலைவன். தென்மராட்சியிலிருந்து சைக்கிளில் விறகு ஏற்றிக்கொண்டு வந்து விற்றுத்தான் குடும்பம் நடத்துகிறான். வலது முழங்கால் போன வருடம் முதல் வீங்குவதும் வற்றுவதுமாக இருக்கிறது.

"நேசன், அந்தப் பிள்ளை நிக்கிற நாளிலை நீ அளவெட்டியிலை அக்கா வீட்டை போய் நில்லு. நொண்டிக்கொண்டு அவவுக்கு முன்னாலை திரியாதை, ராசா."

"ஏனம்மா, என்ரை முழங்கால் அவ்வளவு வடிவில்லாமலோ கிடக்கு?"

சிரித்துக்கொண்டுதான் போனான்.

இந்தப் பழக்கத்தில் நீயும் ஊறி வளர்ந்தவன்தான். மலாயாவிலிருந்து பெரியமாமா வந்து நின்ற கிழமையை நினைத்துப் பார். கிளித்தட்டு விளையாடி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தாய். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தாய். சோற்றைப் பிசைய முடியாததால் வயிறு சரியில்லை என்று சொல்லி இரண்டு நாள் பால்தேத்தண்ணீரோடு கிடந்தாய். மாமா உன்னை நல்ல அடக்கமான பொடியன் என்று மெச்சினார். அவருடைய கார் ஒழுங்கையைத் தாண்டிய பிறகுதான் சட்டைக் கையை மடித்து என்னிடம் காட்டினாய். கத்தரிக்காய்போல இருந்தது. உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நான் அழுதேன். ஆனால் அடுத்த நாள் கிணற்றடியில், "மாமா நிக்குமட்டும் பிள்ளை மூச்சுக் காட்டேல்லை" என்று பெருமையாகத்தான் சொன்னேன். உடம்பு நோவதை வந்தவருக்குக் காட்டாமல் இருப்பது மரியாதை என்று நாங்கள் சொல்லித் தரவில்லை. நீ எங்கள் முகத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டாய்.

இங்கிரிட் நல்ல பிள்ளை. உயரம்; எங்கள் வாசல் நிலையில் இரண்டு தரம் தலையை இடித்துக்கொண்டு மூன்றாம் தரம் குனியப் பழகிவிட்டாள். இடியப்பத்தைச் சொதியோடு கையால் சாப்பிட்டாள். வந்த அடுத்த நாளே அவளை மைதானத்துக்கு அழைத்துப் போய் மாலை போட்டார்கள். இரவல் சட்டைகளோடு பொடியன்கள் வரிசையாக நின்றார்கள். அவள் தன் சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து மாஸ்டரிடம் ஏதோ கேட்டாள்.

"பரமலிங்கண்ணை, ஆருக்காவது காலிலை கையிலை நோ இருக்கோ எண்டு கேக்கிறா."

"எங்கடை பொடியளுக்கோ? ஒரு நோவும் இல்லை எண்டு சொல்லும். பனங்கட்டியும் ஒடியல் கூழும் குடிச்சு வளர்ந்த எலும்பு."

"பனங்கட்டிக்கு இங்கிலீசிலை என்னண்டு சொல்லுறது?"

"அதை விடும் ஐசே. எலும்பெண்டு மட்டும் சொல்லும்."

பெண்களையும் கேட்டாள். பாக்கியம் மாமி முன்னுக்கு நின்று, "எங்களுக்கு என்ன குறை? பிள்ளையார் வைச்சிருக்கிறார்" என்றார். நான்கு நாள் இப்படியே போனது. அவள் பொடியன்களோடு சைக்கிளில் சந்தைக்குப் போனாள். மூட்டை ஏற்றுகிறவர்கள் அவளைக் கண்டதும் முதுகை நிமிர்த்தி மிதித்தார்களாம். ஐந்தாம் நாள் காலையில் கிணற்றடியில் எனக்குத் துலாவில் தண்ணீர் அள்ள உதவிக்கொண்டு நின்றவள், என்னுடைய இங்கிலீசு எவ்வளவு என்று தெரிந்து, சின்னச் சின்னச் சொல்லாக எடுத்துக் கதைத்தாள். சீனி சுற்றி வந்த கடதாசியில் எழுத்துக்கூட்டியும் வானொலியில் கேட்டும் நானாகப் படித்த இங்கிலீசு எனக்கு அன்றுதான் முழுமையாகப் பயன்பட்டது. உங்கள் ஊர் ஆட்கள் மிகவும் சுகமாக இருக்கிறார்கள், எனக்கு நல்ல சந்தோசம் என்றாள். ஆனால் அப்படியென்றால் என் மாணவர்களுக்கு இங்கே வேலை இல்லை, அவர்களுக்கு வேறொரு நாட்டிலும் இடம் பார்த்து வைத்திருக்கிறோம், அங்கேதான் போகவேண்டிவரும் என்றாள். அவள் முகத்தில் உண்மையாகவே சந்தோசம். எனக்குக் கையிலிருந்த வாளி கனத்துவிட்டது. ஊரின் நல்ல பெயரைக் காப்பாற்றப் போய், உன் வரவை நானே தடுத்துவிட்டேனே என்று நினைத்தேன். உண்மையை அவளிடம் சொல்லவும் இல்லை. நான்கு நாள் சொன்ன பொய்யை ஊர் முழுவதற்குமாக நான் ஒருத்தி எப்படித் திருப்பி எடுப்பது?

அன்று பின்னேரம் பிள்ளையார்தான் காலை வாரிவிட்டார் என்று பரமலிங்கம் அண்ணை சொல்கிறார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பள்ளிக்கூட வளவில் பெண்பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். கோட்டைக் காத்து நிற்கிறவர்களின் கையில் படாமல் பெட்டி பெட்டியாகக் கடந்து போவதைப் பார்த்து அவளுக்கு ஆசை வந்துவிட்டது. நானும் வருகிறேன் என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். இரண்டு பெட்டி கடந்தாள். மூன்றாவதில் சடுதியாகத் திரும்பியபோது கணுக்கால் புரண்டுவிட்டது. மாஸ்டர் தன் சைக்கிள் கரியரில் அவளை இருத்தி உருட்டிக்கொண்டு வந்தார். அவள் முதலில் கேட்டது ஐஸ். மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரைப் புதிதாக அள்ளி அள்ளிப் பெரிய வாளியில் விட்டு அவள் காலை அதற்குள் வைத்தோம். பழைய வேட்டியைக் கிழித்து எப்படிச் சுற்றவேண்டும் என்று அவளே காட்டித் தந்தாள்.

மற்றது உனக்குத் தெரிந்ததுதான். எங்கள் அயலில் ஒருவர் நோய் வருத்தமாகக் கிடந்தால் எல்லோரும் பார்க்க வருவார்கள். வெறுங்கையோடு வரமாட்டார்கள். வந்து இருந்து, படுத்திருப்பவருக்கு என்னவென்று கேட்டு முடித்ததும், தங்கள் தங்கள் வருத்தத்தைத் தொடங்குவார்கள். அது ஆறுதல் சொல்லும் முறை. உனக்கு மட்டும் வந்ததில்லை, பயப்படாதே என்பதுதான் அதன் பொருள். முதலாவதாக வந்தது பாக்கியம் மாமி, மடியில் இரண்டு தோடம்பழத்தோடு.

"பிள்ளை, உமக்கு ஒரு கால்தானே? எனக்கு இரண்டு தோளும். துலாக்கயிறு இழுத்தால் உயிர் போகுது. மாஸ்டர், அவவுக்குச் சொல்லும்."

"மாமி, அண்டைக்கு மைதானத்திலை ஒண்டுமில்லை எண்டனீங்களெல்லோ?"

"அண்டைக்கு அவ விருந்தாளி. இண்டைக்கு அவ வருத்தக்காறி. வருத்தக்காறிக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்லுறது?"

பிறகு வரிசையாக வந்தார்கள். கணுக்காலில் துணி சுற்றிய பொடியன்கள், அந்தத் துணியை அவிழ்த்து அவளுடைய காலுக்குப் பக்கத்தில் தங்கள் காலை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தையல் மெசின் மிதிக்கிற பெண் வந்தாள். வானொலிச் செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் பெடலைச் சுற்றி டைனமோவில் மின்சாரம் எடுக்கிறவர் வந்து தன் தோளைக் காட்டினார். பரமலிங்கம் அண்ணை ஒரு பூசணிக்காயோடு வந்து, கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் குதிக்காலைத் தூக்கி வாங்கில் வைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து உன் அப்பாவும் தன் முழங்காலை அவளுக்குக் காட்டியிருக்கிறார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கு அந்த நோ தெரியாது.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"உமக்குச் சொன்னால் நீர் சைக்கிளைப் பூட்டித் திறப்பைச் சுவாமி அறைக்குள்ளை வைச்சிடுவீர்."

உண்மைதான். வைத்திருப்பேன்.

இங்கிரிட் படுத்தபடியே குறிப்புப் புத்தகத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். விழுந்த மூன்றாம் நாள் அவள் மாஸ்டரிடம் மெல்லக் கேட்டாளாம், இந்த ஊருக்கு இந்தக் கிழமைதான் ஏதாவது தொற்றுநோய் வந்ததா என்று. மாஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டார். அன்று பின்னேரந்தான் நான் தொடக்கத்தில் எழுதிய அந்தக் கூட்டம் எங்கள் விறாந்தையில் கூடியது. மாணவர்கள் வரும்போது என்ன செய்யலாம் என்பதுதான் கதை. எல்லோருக்கும் மனம் இலேசாகியிருந்தது. அவள் வேறு நாட்டைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டாள்.

பரமலிங்கம் அண்ணை தொடையில் தட்டினார். "அப்ப அலுவல் சுகம். எட்டுப் பேரிலை முறை வைச்சு ஒவ்வொருத்தராப் படுக்கட்டும். திங்கள் ஒராள், செவ்வாய் ஒராள். சனம் தானா வரும்."

"அண்ணை, சுவாமி அறைக்கு முன்னாலை பொய்க்குப் பாய் விரிக்க நான் விடமாட்டன்" என்றேன்.

"அதோடை, எட்டுப் பேருக்கும் தோடம்பழம் கொண்டுவர ஆராலை ஏலும்?" என்றார் பாக்கியம் மாமி.

மாஸ்டர் இதையெல்லாம் மொழிபெயர்க்கப் பட்ட பாட்டைப் பார்த்து இங்கிரிட்டே சிரித்தாள். அப்போதுதான் அவள் படியில் இருந்த நேசனைக் கவனித்தாள். அளவெட்டியில் இருந்தவன், இங்கே எல்லோரும் காலைக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அன்றுதான் வந்து சேர்ந்திருந்தான். அவன் காலை மடக்காமல் நீட்டி வைத்திருப்பதைக் கண்டுவிட்டு, நானும் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"எனக்கு அவசரமில்லை எண்டு சொல்லுங்கோ மாஸ்டர். ஆவணியிலை அவன் வருவான்தானே, அவனுக்குக் காட்டுறன். கரப்பந்து விளையாடேக்கை இந்த முழங்காலை முதன்முதல் இடிச்சவனே அவன்தான்."

மாஸ்டர் சொன்னார். இங்கிரிட் குறிப்புப் புத்தகத்தை மூடினாள். பிறகு, அவர் வரவில்லை, நானும் மாணவர்களும் மட்டுந்தான் என்றாள். மாஸ்டர் அதைத் தமிழில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். சொல்லத் தேவை இருக்கவில்லை, அந்தச் சொற்கள் எனக்கு விளங்கின. பாக்குவெட்டிச் சத்தம் நின்றது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாத கண்ணாடியைத் துடைத்தார். நான் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். நேசன்தான் எங்களைக் கரையேற்றினான்.

"அப்ப இவவிட்டையே காட்டுவம். எத்தினை நாளைக்கு இந்த முழங்காலை அவனுக்கெண்டு பொத்தி வைச்சிருக்கிறது?" என்று சொல்லிச் சாரத்தை மேலே சுருட்டினான்.

அவள் நொண்டிக்கொண்டு இறங்கிப் படியில் அவன் பக்கத்தில் இருந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து, மெல்ல மடக்கி, திருப்பி, காதை வைத்துக் கேட்பதுபோலக் குனிந்து பார்த்தாள். உள்ளே உள்ள சவ்வு கொஞ்சம் கிழிந்திருக்கலாம், இப்போதைக்கு மூட்டை ஏற்றுவதை நிறுத்தவேண்டும், மணல் நிரப்பிய சின்னப் பையைக் காலில் கட்டித் தொடைத் தசையைப் பலப்படுத்தினால் பெரும்பாலும் தேறும் என்றாள். ஆவணியில் மறுபடி பார்த்து, தேறாவிட்டால் என்ன செய்வதென்று முடிவெடுக்கலாமாம். நேசன் ஆவணி வரைக்கும் கழகம் நடத்தும் கடையில் வேலைக்கு நிற்கப் பரமலிங்கம் அண்ணை ஒழுங்கு செய்திருக்கிறார். பையை நான்தான் தைத்துக் கொடுத்தேன். காலையும் மாலையும் எங்கள் விறாந்தைக்கே வந்து காலைத் தூக்கி இறக்குகிறான். வீட்டில் செய்தால் பிள்ளைகள் மணலை அவிழ்த்து விளையாடுகின்றனவாம்.

அடுத்த நாள் காலை அவள் காலுக்குத் துணி மாற்றும்போது, உன்னைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. அவளே சொன்னாள். வேலை இருக்கிறது என்பது நீ எல்லோருக்கும் சொன்ன காரணம். அவளுக்கு மட்டும் வேறொன்று சொன்னாயாம். எல்லோரும் அங்கே இருந்தார்கள், நான் எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு போய்விட்டேன். இப்போது சுகமான ஆளாக, படித்த ஆளாக அவர்களுக்கு முன்னால் போய் நின்று, உனக்கு எங்கே நோகிறது என்று கேட்க எனக்கு என்ன தகுதி என்று. மகனே, நீ அதை எனக்கு எழுதியிருக்கலாம். உன்னைக் கொழும்புக்கு அனுப்பியதும் நாங்கள், அங்கே வீடுகள் எரிந்த பிறகு ஊருக்குத் திரும்பாதே, கிடைத்த வழியில் போ என்று ஆள் அனுப்பிச் சொன்னதும் நாங்கள். இங்கே இருந்தவர்கள் உன் மேல் குறை பிடிக்கத்தான் இருந்தோம் என்று நினைக்கிறாயா? எங்களுக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை. தண்ணீர் அள்ளவும் விறகு தேடவும் செய்தி கேட்கவுமே நாள் சரியாகிவிட்டது. உன்னைப் பற்றிக் கதை வந்தால், அந்தப் பொடியன் நல்லாயிருக்கிறானாம் என்று ஒருவர் சொல்வார், மற்றவர்களுக்கும் அன்று கொஞ்சம் நல்லாயிருக்கும். அவ்வளவுதான்.

இனி, பயணத்தை எப்படி அமைப்பது என்பதைச் சொல்கிறேன். இங்கிரிட்டும் நானும் இதைப் பலமுறை கதைத்துத்தான் முடிவுக்கு வந்தோம். பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வீட்டில் வைத்து வாசலில் பலகை மாட்டவேண்டாம். பலகையைக் கண்டால் ஊர் மறுபடியும் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கிவிடும். இரண்டிரண்டு பேராக நான்கு வீட்டில் இருக்கட்டும். பெண்பிள்ளைகள் எங்கள் வீட்டிலும் பாக்கியம் மாமி வீட்டிலும். கிணற்றடியில் குளிக்க ஓலைத் தட்டி கட்டித் தருவோம். ஆவணி என்றால் நல்லூரில் கொடி ஏறியிருக்கும் காலம், வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைக்கமாட்டோம். அது தெரிந்துகொண்டு வரட்டும். கீரை, பருப்பு, கத்தரிக்காய், பூசணி என்று வயிறாறச் சமைத்துப் போடுவேன்; இங்கிரிட் முழங்கையால் மோர் வடிய வடியச் சாப்பிட்டாள். கோயில் வீதியில் வெயிலில் உருண்டு பிரதட்சணம் செய்கிறவர்களின் தோளையும் இடுப்பையும் பார்க்க உன் மாணவர்களுக்கு ஆசை வரும். பார்க்கலாம், கும்பிடலாம், வேண்டுமானால் ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கலாம். அளவுநாடாவும் குறிப்புப் புத்தகமும் கோயில் மதிலுக்கு வெளியே இருக்கட்டும். அது அவர்களுக்கும் அவர்களுடைய கடவுளுக்கும் இடையிலான கணக்கு.

முக்கியமானது இது. அவர்கள் வைத்தியம் பார்க்கப் போகவேண்டாம், வருத்தம் பார்க்கப் போகட்டும். எந்த வீட்டில் யார் கிடக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு சீப்பு வாழைப்பழமாவது கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும். போய் இருந்து, கேள்வி கேட்காமல், முதலில் தங்கள் உடம்பில் நொந்ததைச் சொல்லவேண்டும். ஓடுகிற பிள்ளைகள்தானே, விழுந்திருப்பார்கள், முறித்திருப்பார்கள், அழுதிருப்பார்கள். அதைச் சொன்னால் பிறகு எதிரில் இருப்பவருடைய வாயை மூடத்தான் கஷ்டம். ஆனால் அப்படிப் போவதற்கு இந்த வீட்டு ஆள் ஒருவர் முன்னால் போகவேண்டும், மகனே. மாஸ்டர் தங்கமான மனிதர், ஆனால் அவர் வந்தால் மொழிபெயர்ப்பு வரும், மொழிபெயர்ப்போடு கேள்வி வந்துவிடும். அப்பாவால் நான்கு வீடு ஏறி இறங்க முடியாது. முழங்கால் கதைதான் இப்போது எல்லோருக்கும் தெரியுமே. இங்கிரிட் தன் அறிக்கையில் எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினாள். இடம் மிகவும் பொருத்தம், ஆனால் ஊரையும் மாணவர்களையும் அறிந்த ஒருவர் கூட இருந்தால் மட்டுமே பயணம் பயன்படும் என்று எழுதியிருக்கிறாள். அப்படிப்பட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். ஆகவே உன்னைச் சுற்றி வளைத்துக் கேட்கவில்லை. நீ வருவதாக இருந்தால் எட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. நீ வரவில்லை என்றால் அவர்களை அந்த மற்ற நாட்டுக்கே அனுப்பு. வெறுமனே வந்து மாலை வாங்கிக்கொண்டு, எல்லோரும் சுகம் என்று எழுதிக்கொண்டு போவதற்கு அவ்வளவு தூரம் அந்தப் பிள்ளைகளை அலையவிட வேண்டாம். அப்படி நீ முடிவெடுத்தாலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. நான் நிறைவாகத்தான் இருப்பேன். நேசனுக்குக் கொஞ்சம் கஷ்டமாயிருக்கும், அவ்வளவுதான்.

மாணவர்களுக்குச் சொன்ன முறைப்படியே என்னுடையதை நான் முதலில் சொல்கிறேன். காலையில் என் வலதுகை விரல்கள் மடங்குவதில்லை. கொஞ்ச நேரம் அடுப்படியில் சூடு காட்டினால்தான் பிட்டுக் குழைக்க முடிகிறது. சிவராத்திரிக்கு முழு விரதம் இருந்தபோது தலைசுற்றி விழப் பார்த்தேன்; அப்பாவுக்குத் தெரியாது. நீ போன பிறகு ஒரு வருடம் உன் அறைக் கதவை நான் திறக்கவேயில்லை. இப்போது அதற்குள் இங்கிரிட்டின் துவாய் காய்கிறது, சன்னல் திறந்திருக்கிறது. என்னுடைய வருத்தம் இவ்வளவுந்தான். உனக்கு எங்கே நோகிறதென்று நீயும் எழுது.

நாளை இங்கிரிட்டைக் கிளாலிப் படகடிக்குக் கூட்டிப் போகும்போது இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிடுவேன். உங்கள் பல்கலைக்கழகக் கூட்டம் சித்திரை முடிவதற்குள் என்று சொன்னாள். அதற்கு முன் ஓலைத் தட்டிக்கும் பாய்க்கும் சொல்லவேண்டும். வருகிறாயா, இல்லையா என்பதை, கடிதம் கிடைத்த கிழமையே எழுதிக் கொழும்பில் சித்தப்பாவின் விலாசத்துக்கு அனுப்பு. அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தருவார்கள். நீளமாக எழுதவேண்டாம். விரைவாக எழுது.

அம்மா